எனக்குப் புள்ளடி போடுங்கோ

இந்த முறை மாநிலத் தேர்தலில் எங்கள் தொகுதியில் இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் எதிரெதிர்க் கட்சிகளில் நிற்கிறார்கள். ஒரே கிழமையில் இருவருமே எனக்கு ரெலிபோன் எடுத்தார்கள். "அங்கிள், எனி டிப்ஸ்?" என்று பெட்டை கேட்டது. பெடியன், "அங்கிள், நீங்கள் எப்பிடி வின் பண்ணினீங்கள் எண்டு எழுதித் தர ஏலுமோ?" என்றான். ரெலிபோனில் எனக்குப் பேச்சு வராது. எழுதித் தருகிறேன் என்று இருவருக்கும் சொல்லிவிட்டேன். ஒருவருக்குக் கொடுத்து மற்றவருக்குக் கொடுக்காவிட்டால் அநியாயம். ஆகவே எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

எட்டு வருடம் மாநிலப் பாராளுமன்றத்தில் இருந்தவனுக்குப் பேச்சு வராது என்றால் சிரிப்பீர்கள். உண்மை அதுதான். மன்னாரில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தேன். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்கும் எங்களுக்கும் நடுவில் போர் வந்துவிட்டது. கடலுக்குப் போனேன், அகதி முகாமில் இருந்தேன், கடைசியில் மெல்பேர்ணுக்கு வந்தேன். வெரிபீக்குத் தெற்கே தோட்டங்களில் பூக்கோவா, அதாவது காலிபிளவர், வெட்டும் வேலை கிடைத்தது. வரிசையில் குனிந்தால் பின்னேரம்தான் நிமிர வேண்டும், யாரோடும் கதைக்கத் தேவையில்லை. அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

அரசியலுக்கு என்னைக் கொண்டுவந்தது ஒரு பஸ். இன்னும் சரியாகச் சொன்னால், இல்லாத பஸ். நாங்கள் வீடு வாங்கிய புதுக் குடியிருப்பில் இருந்து ஸ்ரேசனுக்கு ஒரு மணித்தியாலம் நடக்க வேண்டும். என் மனைவி றீற்றா ஆஸ்பத்திரிச் சலவைச்சாலையில் வேலை செய்தாள். மழையிலும் அந்தத் தூரத்தை நடந்தாள். ஒரு நாள், "நீங்கள் ஒருக்கா எம்பியிட்டைப் போய்ச் சொல்லுங்கோவன்" என்றாள். "நீர் போமன்" என்றேன். "நான் நடக்கிறன், நீங்கள் கதையுங்கோ" என்றாள். போனேன்.

எங்கள் தொகுதியின் மாநில உறுப்பினராக அப்போது இருந்தவர் பெரில் என்ற அம்மா. நரைத்த கட்டைத் தலைமுடி, சங்கிலியில் தொங்கும் கண்ணாடி. அவருடைய அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வந்தவருக்கு எதிரே மேசைக்கு அந்தப் பக்கம் இருக்க மாட்டார். தன் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் போடுவார். தபால் அட்டை அளவில் ஒரு மட்டையை எடுத்து, நாங்கள் சொல்லும் அவ்வளவையும் கேட்டுவிட்டு, அதில் ஒரே ஒரு வசனம் எழுதுவார். பிறகு அதை வாசித்துக் காட்டுவார்.

"என் மனைவி வேலைக்குப் போக பஸ் இல்லை. இதுதானே?"

நான் தலையாட்டினேன்.

"ஆமா, இல்லையா? உங்கள் தலை இரண்டையும் சொல்கிறது."

"ஆம்" என்றேன். அன்றைக்கு என் வாயிலிருந்து வந்த ஒரே சொல் அதுதான். பெரில் மட்டையை ஒரு தகரப் பெட்டியில் போட்டார். பெட்டியில் இரண்டு பக்கம் இருந்தது. ஒரு பக்கம் முடியாதவை, மறுபக்கம் முடிந்தவை. முடிந்தது என்று ஒருவர் ரெலிபோனில் சொன்னால் அவர் மட்டையை மாற்றமாட்டார். நேரில் போய்த் தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்துதான் மாற்றுவார். திருத்திய நடைபாதையில் நடந்து பார்ப்பார். வீடு கிடைத்தவரின் புது வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவார்.

பஸ் வரவில்லை. நான்தான் அந்த அலுவலகத்துக்கு அடிக்கடி வரத் தொடங்கினேன். முதலில் துண்டுப்பிரசுரம் போட்டேன். ஆட்கள் எழும்புவதற்கு முன் போட்டால் ஒருவரோடும் கதைக்கத் தேவையில்லை என்று விடியவே போவேன். எந்த வீட்டில் நாய், எந்த வீட்டுத் தபால்பெட்டி மூடி கையைக் கடிக்கும் என்று எனக்கு மனப்பாடம். சில வருடங்களில் பெரில் எனக்கு அலுவலகத்திலேயே வேலை தந்தார். ஆங்கிலத்தில் நீளமாக எழுத எனக்கு வராது. ஒரு வசனம் எழுத வரும். அங்கே அதுதான் தேவைப்பட்டது.

பெரில் இனி நிற்கப்போவதில்லை என்று அறிவித்தபோது, அடுத்தவராக என் பெயரைச் சொன்னார். கட்சிக் கூட்டத்தில் எழும்பி என் பெயரை மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிட்டேன். "இவர் பேச மாட்டாரே" என்று ஒருவர் சொன்னார். "இந்தத் தொகுதியில் எல்லா வாசலுக்கும் போன ஆள் இவர் ஒருவர்தான்" என்றார் பெரில். வாக்கெடுப்பில் என்னைத் தெரிவு செய்தார்கள்.

அவர் எனக்குச் சொன்ன புத்தி, மட்டைப் புத்தி. "எல்லாவற்றையும் சொல்லாதே. வாசலில் உனக்கு அரை நிமிடம்தான் தருவார்கள். ஒரு வசனம் பாடமாக்கு."

பாடமாக்கினேன். வெள்ளைக்காரருக்கு ஆங்கிலத்தில் ஒன்று. எங்கள் ஆட்களுக்குத் தமிழில் ஒன்று: "நான் அலோசியஸ். பஸ் கொண்டுவருவன். எனக்குப் புள்ளடி போடுங்கோ."

ஆறு மாதம் இந்த வசனத்தை வாசல் வாசலாகச் சொன்னேன். வெட்கத்தில் நிலத்தைப் பார்த்துச் சொல்லத் தொடங்கி, பிறகு சப்பாத்தைப் பார்த்து, கடைசியில் ஆளின் முகத்தைப் பார்த்தே சொல்லப் பழகினேன்.

எங்கள் தெருமுனையில் தன் மகனின் வீட்டில் டொக்டர் நடராசா இருந்தார். ஓய்வு பெற்றவர். குடியிருப்பில் தமிழர் யாரும் அவரைக் கேட்காமல் ஒன்றும் செய்யமாட்டார்கள். அவர் கதவைப் பாதி திறந்து நின்றார்.

"தம்பி எந்த யூனிவேசிற்றி?"

"அஞ்சாம் வகுப்பு, ஐயா."

"எங்கட சனத்தில எத்தினை டொக்டர், எஞ்சினியர் இருக்கினம். போயும் போயும் பூக்கோவா வெட்டுறவரையோ பிடிச்சவங்கள்?"

"வெட்டுறதை விட்டுக் கனகாலம் ஐயா."

"ஓமோம், இப்ப கடுதாசியெல்லோ போடுறீர்!" என்று சிரித்தார். நான் என் வசனத்தைச் சொன்னேன். "யோசிப்பம்" என்று கதவைச் சாத்தினார்.

இன்னொரு வாசலையும் சொல்ல வேண்டும். மதுரையில் இருந்து வந்த செல்வி என்ற தங்கச்சி. "பஸ் வந்தா நல்லதுதான்ணே. ஆனா புள்ளடின்னா என்ன? நாங்க ஓட்டுதான் போடுவோம்" என்றாள். வெட்கமாகப் போய்விட்டது. "அதுதான், வோட்டு" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அந்த வாசலில் இன்னும் ஒரு நிமிடம் நின்றிருந்தால் அவள் கேட்ட கேள்வி எனக்கு விளங்கியிருக்கும்.

விளங்காத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஊரில் வாக்குச்சீட்டில் கட்சியின் சின்னத்துக்கு நேரே கூட்டல் குறியைச் சரித்துவிட்டது போல ஒரு அடையாளம் போடுவோம். அதுதான் புள்ளடி. எங்கள் பேச்சில் வாக்களிப்பது என்றாலே புள்ளடி போடுவதுதான். இங்கே விக்ரோரியாவில் அப்படியில்லை. கீழ்ச்சபைச் சீட்டில் எத்தனை பெயர் இருக்கிறதோ அத்தனை பெட்டிக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்ப வரிசையில் இலக்கம் போட வேண்டும். போடாவிட்டால் சீட்டுச் செல்லாது. இது எனக்கும் தெரியும். நான் இலக்கம் போட்டுத்தான் வாக்களித்து வந்தேன். ஆனால் வாயில் அந்தப் பழைய சொல்லே இருந்தது. கை ஒன்று செய்தது, வாய் ஒன்று சொன்னது.

தேர்தல் அன்று எங்கள் தொண்டர்கள் இலக்கம் போட்டுக் காட்டிய ஆங்கிலத் துண்டுகளை வாசலில் நின்று கொடுத்தார்கள். எங்கள் வயதானவர்கள் அதை மரியாதையாக வாங்கி, நாலாக மடித்து, பைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். "எங்களுக்குத் தெரியும் தம்பி" என்று என்னைப் பார்த்துக் கண்ணையும் காட்டினார்கள். எனக்குப் பெரிய சந்தோசம்.

முதல் எண்ணிக்கை மிகவும் நெருக்கமாக வந்தது. அடுத்த கிழமை பகலில் ஒரு பெரிய களஞ்சிய மண்டபத்தில் எல்லாச் சீட்டையும் மறுபடி பார்த்தார்கள். வேட்பாளர் கண்காணிப்பாளராக நிற்க முடியாது. ஆகவே றீற்றா போனாள். கண்காணிப்பாளர் பார்க்கலாம், கேட்கலாம், சீட்டைத் தொடக்கூடாது. கை தன்பாட்டில் போய்விடும் என்ற பயத்தில் அவள் இரண்டு கையையும் பின்னால் கோத்துக்கொண்டே நின்றாளாம். நான் கார் தரிப்பிடத்தில் காருக்குள் இருந்தேன்.

பதினொரு மணிபோல் அவள் வெளியே வந்து கதவைத் திறந்தாள்.

"இஞ்சாருங்கோ, எங்கட ஆக்கள் புள்ளடி போட்டிருக்கினம்."

"எனக்கோ?"

"உங்களுக்குத்தான். வடிவா, பெட்டிக்குள்ள அடக்கமாப் போட்டிருக்கினம். ஒண்டில பக்கத்தில 'எங்கட தம்பிக்கு' எண்டு தமிழில எழுதியும் கிடக்கு."

"அப்ப நல்லதுதானே?"

"என்ன நல்லது! அவ்வளவும் செல்லாத கட்டுக்குள்ள போகுதப்பா. நாப்பத்தாறு மட்டும் எண்ணினன். பிறகு எண்ண மனம் வரேல்லை."

நான் காரை விட்டு இறங்கினேன். அவளே சொன்னாள். "நீங்கள்தானே வாசல் வாசலாப் போய்ச் சொன்னனீங்கள். அதுகள் சொன்னதைச் செய்திருக்குதுகள்."

முப்பத்தொரு வாக்கால் தோற்றேன்.

பெரில் பல வருடம் கட்டிக்காத்த தொகுதி, என் வாயால் போனது. டொக்டர் நடராசா கோவில் வாசலில் வைத்து, "இதுக்குத்தான் படிச்சவன் வேணும் எண்டு சொன்னனான்" என்று நாலு பேருக்குக் கேட்கச் சொன்னாராம். அவர் சொன்னது பிழை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அலுவலகத்தைக் காலி செய்ய வேண்டியிருந்தது. போனேன். பெரில் பெட்டிகளுக்கு நடுவில் இருந்து மண்டரின் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். ஏசுவார் என்று நினைத்தேன். பக்கத்துக் கதிரையைத் தட்டிக் காட்டினார். பாதிப் பழத்தைத் தந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வெறும் மட்டையை எடுத்து என்னிடம் தந்தார்.

"என்ன நடந்தது? ஒரு வசனம்."

நான் வெகுநேரம் யோசித்து எழுதினேன். அவர் வாசித்தார். "நான் எங்கள் ஆட்களுக்குப் பிழையான சொல்லைச் சொல்லிக்கொடுத்தேன். இதுதானே?"

"ஆம்."

"அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?"

"புள் என்றால் பறவை. அடி என்றால் பாதம். மண்ணில் பறவை நடந்த அடையாளம்."

பெரில் பழத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்படியென்றால் நாம் கோழிகளிடம் தோற்றிருக்கிறோம்" என்றார். அதற்குப் பிறகு அவருக்குச் சிரிப்பை நிறுத்த முடியவில்லை. எனக்கும்தான். தேர்தல் முடிந்து நான் முதன்முதலாகச் சிரித்தது அன்றைக்கு. சிரித்து முடிந்ததும் அவர் தகரப் பெட்டியிலிருந்து என் பஸ் மட்டையை எடுத்து, நான் எழுதிய மட்டையோடு சேர்த்து என் கையில் தந்தார். "இரண்டும் முடியாத பக்கத்தில் இருக்கின்றன" என்றார். வேறு புத்திமதி இல்லை.

எனக்கு ஒரு களஞ்சியத்தில் வேலை கிடைத்தது. சனி, ஞாயிறு சும்மா இருக்க முடியவில்லை. றீற்றாதான் வழி கண்டுபிடித்தாள். ஞாயிறு பூசைக்குப் பிறகு தேவாலய மண்டபத்தில் காலைச் சாப்பாடு கொடுப்போம். கத்தோலிக்கர், சைவக்காரர், மதுரைச் செல்வி, எல்லோரும் வருவார்கள். அவள் ஒரு சீட்டுத் தயாரித்தாள். நாலு பெட்டி. இடியப்பம், புட்டு, பாண் என்கிற பிரெட், தோசை. எது வெல்கிறதோ அதுதான் அடுத்த ஞாயிறு சாப்பாடு. சட்டம், தேர்தல் சட்டமேதான். எல்லாப் பெட்டிக்கும் இலக்கம் இருந்தால்தான் செல்லும். கட்சிக் கதை ஒன்றும் கிடையாது.

முதல் ஞாயிறு சீட்டுகளைத் திறந்தோம். இடியப்பத்துக்கு நேரே புள்ளடி, புள்ளடி, புள்ளடி. செல்லும் சீட்டு பத்துப்பன்னிரண்டுதான். அதில் பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள் போட்டவை. பிள்ளைகளுக்குப் பாணும் ஜாமும் விருப்பம். பாண் வென்றது.

அடுத்த ஞாயிறு எல்லோரும் பாண் தின்றார்கள். அதற்கு அடுத்த ஞாயிறும் பாண். மூன்றாம் ஞாயிறு டொக்டர் நடராசா தட்டைத் தள்ளிவிட்டு எழும்பினார். அவரை ஒவ்வொரு ஞாயிறும் மகன்தான் கூட்டி வருவான்.

"இதென்ன அநியாயம்? இஞ்ச ஒருத்தருக்கும் பாண் விருப்பமில்லை. கள்ள வோட்டோ?"

"இல்லை ஐயா. இடியப்பத்துக்கு விழுந்தது முழுக்கச் செல்லாத வாக்கு" என்றேன்.

"என்ர சீட்டுமோ?"

"ரகசிய வாக்கு ஐயா. எனக்குத் தெரியாது. புள்ளடி போட்டிருந்தால் செல்லாது."

அவர் புதுச் சீட்டொன்றை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். "இடியப்பத்துக்கு ஒண்டு. புட்டுக்கு ரெண்டு. தோசைக்கு மூண்டு. சரி. பாணுக்கு நான் ஏன் இலக்கம் போட வேணும்? எனக்குப் பாண் பிடிக்காது."

"பிடிக்காததாலதான் நாலு போடுறியள் ஐயா."

"நாலு எண்டால் அடியோ?"

"ஓம் ஐயா. கடைசி இடம்."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப கட்டாயம் போடத்தான் வேணும்" என்று பேனையை எடுத்தார். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. அந்தக் கிழமை இடியப்பம் வென்றது.

அதற்குப் பிறகு டொக்டர்தான் எங்கள் தேர்தல் ஆணையாளர். சீட்டு எண்ணும்போது பக்கத்தில் யாரையும் விடமாட்டார். "நீ சீட்டில கை வையாதை, பார்க்கிறதெண்டால் பார்" என்று றீற்றாவுக்கே சட்டம் சொன்னார். "அங்கிள், நீங்க ரொம்ப ஸ்ட்ரிக்ட்" என்று செல்வி பகிடி பண்ணுவாள். "எலெக்சன் எண்டால் அப்பிடித்தான்" என்பார். நாலு வருடத்தில் அந்த மண்டபத்தில் எத்தனை ஞாயிறு வாக்களித்தோம் என்று எனக்குக் கணக்கில்லை. கட்சி இரண்டாம் முறையும் என்னை நிறுத்தியது. என் வசனம் மாறியிருந்தது: "நான் அலோசியஸ். பஸ் கொண்டுவருவன். எல்லாப் பெட்டிக்கும் இலக்கம் போடுங்கோ." என்னை விரும்பாதவர்களிடமும் அதையே சொன்னேன்.

தேர்தல் நாள் காலை பள்ளிக்கூட வாசலில் நின்றேன். இந்த முறையும் தோற்றால் மூன்றாம் முறை கேட்க எனக்கு முகமில்லை, கட்சிக்கும் மனமிருக்காது. டொக்டர் வாக்களித்துவிட்டு வெளியே வந்தார். இங்கே தேர்தல் நாளில் வழக்கமாகச் சொசேஜ் சுட்டு விற்கும் பெற்றோர் சங்கத்து மேசையில் ஒன்று வாங்கினார். பாண் துண்டுக்குள் சுற்றித் தந்தார்கள். அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இங்கயும் பாண்தானோ?"

"வென்றது அதுதான் ஐயா" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஒரு கடி கடித்துவிட்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். "தம்பி, போனமுறை நானும் புள்ளடிதான் போட்டனான்."

"ஆருக்கு ஐயா?" என்று கேட்டுவிட்டேன். கேட்கக்கூடாத கேள்வி.

"உமக்குத்தான், வேற ஆருக்கு? வாயால நூறு சொல்லுவன். உள்ள போனால் எங்கட ஆளைத்தானே தேடுவன்." பாணை முழுவதும் தின்று முடித்தார். "நாலு வருசமா இது எனக்குள்ள கிடந்து குத்துது. எம்பிபிஎஸ் படிச்சவன்ர வோட்டுச் செல்லாது. கோவா வெட்டினவன் எனக்குப் பாடம் எடுக்கிறான்."

"பூக்கோவா ஐயா" என்றேன்.

இந்த முறை சிரித்தார்.

அன்று பின்னேரம் வாக்குகளை எண்ணத் தொடங்கி ஒரு மணித்தியாலம் ஆகியிருக்காது, றீற்றா வெளியே வந்தாள். பின்னால் கோத்த கை கோத்தபடியே இருந்தது.

"என்னப்பா?"

"செல்லாத கட்டு மெலிஞ்சு போச்சு" என்றாள். அதற்குப் பிறகுதான் கையை எடுத்து முகத்தைத் துடைத்தாள். மற்றப் பள்ளிக்கூடங்களில் இருந்தும் அதே செய்திதான் வந்தது. வெற்றிக்கு மறு எண்ணிக்கை தேவைப்படவில்லை.

எட்டு வருடத்தில் செய்தவற்றை எல்லாம் எழுதினால் புத்தகமாகிவிடும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். பஸ் வந்தது. இரண்டு வருடம் அமைச்சரின் காரியதரிசியைத் துரத்தி, ஒரே வசனத்தை மாற்றாமல் கேட்டுக் கேட்டு வாங்கினேன். முதல் நாள் றீற்றாவோடு பஸ் தரிப்பில் நின்றேன். பெரிலும் வந்தார். மூவரும் ஏறினோம். ஸ்ரேசனில் இறங்கிய பிறகுதான், பெரில் கொண்டுவந்த தகரப் பெட்டியில் பஸ் மட்டையை முடிந்த பக்கத்தில் போட்டேன்.

ஆனால் என் வேலைக் காலத்தில் பெரிய நாள் எது என்று கேட்டால், பஸ் வந்த நாளைச் சொல்லமாட்டேன். புது உறுப்பினர் பாராளுமன்றத்தில் பேசும் முதல் பேச்சின் நாளைத்தான் சொல்வேன். மேலே பார்வையாளர் வரிசையில் பெரில், றீற்றா, கழுத்துப்பட்டி கட்டிய டொக்டர் நடராசா. பெரிலின் மட்டையில்தான் பேச்சை எழுதி வைத்திருந்தேன், வசனத்துக்கு ஒரு மட்டை. நான் ஐந்தாம் வகுப்பு என்று சொன்னேன். முப்பத்தொரு வாக்கைச் சொன்னேன். புள்ளடியைச் சொன்னேன். என் மக்கள் நான் சொன்னதை நம்பிப் போட்ட வாக்குகள் அவை, அன்றைக்கு எண்ணப்படாவிட்டாலும் இன்றைக்கு அவர்களையும் சேர்த்துத்தான் இங்கே நிற்கிறேன் என்று சொன்னேன். பாண் கதைக்கு இரண்டு பக்கக் கட்சியும் சிரித்தது.

பேசி முடித்து என் கதிரையில் இருந்துகொண்டு மட்டைகளை அடுக்கினேன். ஒரு பணியாளர் மெதுவாக வந்து மடித்த துண்டு ஒன்றைத் தந்தார். ஹன்சாட் என்ற பாராளுமன்றப் பதிவேட்டுக்காகப் பேச்சுகளை எழுதிப் பதிவு செய்பவர்கள் அனுப்பியது. உறுப்பினர் சொன்ன தமிழ்ச் சொல்லை எப்படி எழுதுவது என்று தயவுசெய்து தெரிவிக்கவும் என்று இருந்தது.

பள்ளிக்கூடத்தில் எழுத்துக்கூட்டலுக்குப் பிரம்படி வாங்கியவன் நான். பேனையை எடுத்து, புள்ளடியை ஆங்கில எழுத்தில் ஒவ்வொன்றாக, பெரிதாக எழுதிக் கொடுத்தேன்.

அவைக்கு வெளியே மண்டபத்தில் டொக்டர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன துண்டு வந்தது?"

"எழுத்துக்கூட்டல் கேட்டவை ஐயா."

"உம்மிட்டையோ?"

"ஓம் ஐயா. என்னட்டைத்தான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கழுத்துப்பட்டியைச் சரி செய்தார். "சரியா எழுதினீரோ? ரெண்டு 'எல்' வரவேணுமெல்லோ?"

"ரெண்டு 'எல்' போட்டனான் ஐயா" என்றேன்.